காலம் முன்னே, காரியம் பின்னே: உப்பளக் கரையின் ஆவண நடை

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் வேண்டியது பொறுமை. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்ற செய்தி உடனே கிடைக்காது. அரசன் பெயர் வரும். அவனுக்கு அது எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது வரும். பிறகு மண்டலம், அதற்குள் நாடு, அதற்குள் ஊர் என்று இடம் குறுகிக்கொண்டே வரும். அதையெல்லாம் கடந்த பிறகுதான் கொடையாளியும் கொடைப்பொருளும் தலைகாட்டுவார்கள். வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். ஓய்மாநாடு என்று அன்று பெயர் பெற்றிருந்த இந்தப் பகுதிக்கு மட்டும் உரிய வழக்கமல்ல இது. திண்டிவனத்திலும் தஞ்சையிலும் நாகப்பட்டினத்திலும் சோழர் காலக் கல் எழுத்து இப்படித்தான் நடக்கிறது. பழகியவர் இதைத் தமிழ் ஆவணத்தின் இயல்பு என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார். ஆனால் இதே காலத்தில் சோழ மண்டலத்தோடு கப்பல் போக்குவரத்து வைத்திருந்த சீனத்திலும் ஆவணத்தின் வாக்கியம் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் நடந்தது. காலத்தை முன்னே நிறுத்துவது, பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்குவது, காரியத்தைப் பின்னே சொல்வது என்ற இந்த முறை இலக்கணம் தானாகக் கொடுத்த ஒன்றல்ல என்பதும், ஆவணம் எழுதியவர்கள் தெரிந்தே காத்துவந்த ஒழுங்கு என்பதும் இக்கட்டுரையின் வாதம். அந்த ஒழுங்குக்குள் காலம் இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களில் நிற்கிறது என்பதே இதில் நாம் அதிகம் கவனிக்காதது.

சீன மொழி கற்கிறவர்களுக்கு முதல் சில பாடங்களிலேயே ஒரு விதி சொல்லித் தரப்படுகிறது. ஒரு செயல் எப்போது நடந்தது என்பது வினைச்சொல்லுக்கு முன்னே வர வேண்டும். எழுவாய்க்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். வினைக்குப் பின்னால் மட்டும் போகக்கூடாது. நேற்று மாலை ஐந்து மணிக்கு உப்பு வாங்கினேன் என்பதைச் சீனர், 'நான் நேற்று மாலை ஐந்து மணி வாங்கினேன் உப்பு' என்ற வரிசையில் சொல்வார். நேற்று, மாலை, ஐந்து மணி என்ற இறங்குவரிசை நம்முடையதேதான். ஆனால் செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்ல வந்தால் இடம் மாறிவிடும். 'நான் காத்திருந்தேன் இரண்டு மணி நேரம்' என்று அந்த அளவு வினைக்குப் பின்னால் போய்விடும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. மூன்று நாள் சாப்பிடவில்லை என்று எதிர்மறையில் சொன்னால் அந்த மூன்று நாள் மறுபடியும் வினைக்கு முன்னே ஏறிக்கொள்ளும். நடக்காத செயலுக்கு நீளம் கிடையாது. ஆகவே அந்த மூன்று நாள் அங்கே செயலைச் சூழ்ந்திருக்கும் எல்லையாகிவிடுகிறது. செயல் நிகழும் களமாக நிற்கும் காலம் முன்னே வருகிறது, செயலே செலவழித்த காலம் பின்னே வருகிறது. 1985-இல் ஜேம்ஸ் தாய் என்ற மொழியியலாளர் சீனச் சொல்வரிசையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. நிகழ்வுகள் உலகில் எந்த வரிசையில் நடக்கின்றனவோ அந்த வரிசையைச் சீன வாக்கியம் பின்பற்றுகிறது என்றும், பெரிய கால அலகு சிறியதை உள்ளடக்குவதால் அதற்கு முன்னே வருகிறது என்றும் அவர் வாதிட்டார்.

இந்த விதி வேலை செய்வதை நம் வரலாற்றோடு சேர்ந்த ஒரு பதிவிலேயே பார்க்கலாம். முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு சீனத்தின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சோங் வம்ச வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவு ஆண்டில் தொடங்குகிறது. தாச்சுங் சியாங்ஃபூ என்னும் ஆட்சிக்கால எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் என்று சொல்லிவிட்டுத்தான், அந்நாட்டு மன்னன் தூதரை அனுப்பினான் என்ற செய்திக்கு வருகிறது. அது 1015-ஆம் ஆண்டு. தூதர்கள் வந்த வழியை விவரிக்கும்போது காலத்தின் இடம் மாறுகிறது. கப்பலில் சென்றது எழுபத்தேழு பகலும் இரவும், மறுபடி சென்றது அறுபத்தொரு பகலும் இரவும் என்று ஒவ்வொரு கட்டத்தின் அளவும் சென்றது என்ற வினையைத் தொடர்ந்து வருகிறது. சொந்த நாட்டை விட்டுக் குவாங்சோ துறையை அடைய ஆன மொத்தக் காலம் 1,150 நாள் என்றும் பதிவு சொல்கிறது. இரண்டு வகைக் காலமும் குழம்பாமல் தனித்தனி இடத்தில் இருப்பதால் வரலாற்றாசிரியருக்கு ஒரு கணக்குக் கூடிவருகிறது. வந்து சேர்ந்த ஆண்டும் மாதமும் தெரியும், வழியில் கழிந்த நாளும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 1012-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வருகிறது. இராசராசன் இறந்தது 1014-இல். ஆக, தூதர் சீன அரசவையில் அவன் பெயரைச் சொல்லி வணங்கியபோது அவன் உயிரோடு இல்லை என்ற செய்தி இந்த இரண்டு எண்களிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது.

இப்போது மரக்காணக் கரைக்குத் திரும்புவோம். சோழர் காலக் கோயில் கொடைகளில் மிகப் பரவலானது நந்தா விளக்கு. அந்த ஆவணத்தின் வாய்பாடு தமிழ்நாடு முழுவதும் ஒன்றுபோலவே இருக்கும். அரசனும் ஆட்சியாண்டும் தலையில் நிற்கும், இடம் படிப்படியாக இறங்கும், கொடுத்தவர் வருவார், கொடுத்த ஆடு தொண்ணூறு என்றோ தொண்ணூற்றாறு என்றோ வரும், நாள்தோறும் உழக்கு நெய் என்ற அளவு வரும். முடிவில், சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிப்பதாக என்று ஆவணம் நிற்கும். 'சந்திராதித்தவரை' என்ற அந்தத் தொடர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதுவும் காலம்தான், ஆனால் யாண்டோடு சேர்ந்து தலையில் போய் நிற்கவில்லை, எரிப்பதாக என்ற வினையை ஒட்டி நிற்கிறது. தமிழில் வினைக்குப் பின்னால் எதையும் வைப்பது அரிது. ஆகவே சீனரைப் போல நீளத்தை வினைக்குப் பின்னே தள்ள நம் எழுத்தருக்கு வழியில்லை. அவர் செய்யக்கூடியது, அதை வினைக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பது. அதைத்தான் செய்திருக்கிறார். 'என்று' என்ற காலம் வாக்கியத்தின் ஒரு முனையில், 'எதுவரை' என்ற காலம் மறுமுனையில். நடுவே ஊரும் ஆளும் பொருளும்.

உப்புக் கரையில் இந்த இரண்டு காலத்துக்கும் உள்ள வேறுபாடு ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளில் தேங்கிய சேற்றை வழித்தெடுத்து, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்குவார்கள். உவர்நீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு நகர்ந்து வெயிலில் தடித்துக்கொண்டே போகும். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பேறும், அதற்குள் வாரிவிட வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியில் விட்டுவைத்தது கரைந்து போகும். எந்த மாதத்தில் நீர் கட்டினோம் என்பது ஒரு கேள்வி, எத்தனை நாள் நிற்கவிட்டோம் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு மற்றது விடையாகாது. நன்செய் நிலத்தைக் கோயிலுக்கு விடும்போது ஏரி, பாசனம், போகம் என்று கணக்கு ஒரு விதம். உப்பளத்தின் விளைவுக்கோ ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே உண்டு. இந்தக் கடற்கரைக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பேரளம் போன்ற பெயர்களோடு கொடைக்கும் வரிக்கும் உரிய சொத்தாகப் பேசப்படுகின்றன. இப்படிப்பட்ட சொத்தைக் கைமாற்றும் ஆவணத்தில் உரிமை தொடங்கும் காலமும் உரிமை நீடிக்கும் காலமும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. உப்புத்தொழிலிலிருந்துதான் இந்தச் சொல்வரிசை பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்று கிடையாது. இரண்டு காலத்தையும் பிரித்து நிறுத்தும் வழக்கு இந்தக் கரையின் சொத்துக்கு மிகவும் பொருந்தியது என்பதே நான் சொல்வது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது மொழியியலாளர் எழுப்பக்கூடியது. தமிழில் வினை எப்போதும் கடைசியில் வரும். அப்படியானால் காலம், இடம், பொருள் எல்லாமே வினைக்கு முன்னால்தான் இருந்தாக வேண்டும். இதில் ஆவணக்காரர் காத்த ஒழுங்கு என்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வினைக்கு முன்னே என்பதற்கும் எல்லாவற்றுக்கும் முன்னே என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. இலக்கணம் கேட்பது முதலாவதை மட்டும். கொடையாளி பெயரைச் சொல்லி, பிறகு ஆண்டைச் சொல்லி, பிறகு கொடையைச் சொன்னாலும் தமிழ் வாக்கியம் பிழையாகாது. தொல்காப்பியம் ஒரு வினையோடு தொடர்புடையவற்றை எட்டாக எண்ணும்போது நிலத்தையும் காலத்தையும் அதில் சேர்க்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் வாக்கியத்தில் எது முன், எது பின் என்று விதிப்பதற்காகச் சொன்னதல்ல. இலக்கணம் திறந்து விட்ட இடத்தை ஆவண வழக்கு மூடியிருக்கிறது. சீனத்தைப் பார்த்தால் வாதம் இன்னும் உறுதிப்படும். சீன மொழியில் வினை கடைசியில் வருவதில்லை, செயப்படுபொருள் வினைக்குப் பின்னே வருகிறது. ஆங்கிலத்துக்கும் அதே அமைப்புத்தான், ஆனால் ஆங்கிலம் காலத்தை வாக்கியக் கடைசியில் வைக்கத் தயங்குவதில்லை. வினை எங்கே நிற்கிறது என்பது மட்டும் காலத்தின் இடத்தை முடிவுசெய்வதாக இருந்தால் சீனம் ஆங்கிலத்தைப் போலல்லவா நடந்திருக்க வேண்டும்?

இதைவிட நல்ல சான்று ஒன்று சீனத்திலேயே, தமிழில், கல்லில் இருக்கிறது. சீனத்தின் சூவான்சோ துறைமுக நகரில் 1956-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அது. சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள் என்று தொடங்குகிறது. நம் கணக்கில் அது 1281 ஏப்ரல். குப்ளாய் கான் என்று அறிஞர்கள் கருதும் மன்னனின் நன்மைக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. இதன் வாக்கிய அமைப்பு வழக்கமான தமிழ் அமைப்பே அல்ல. வினைமுற்று நடுவிலேயே வந்துவிடுகிறது. அதைச் செய்தவரான சம்பந்தப் பெருமாளின் பெயர் வினைக்குப் பின்னால் வருகிறது. கானின் பர்மான்படி இது நடந்தது என்ற ஆதாரம் அதற்கும் பின்னால் போகிறது. அடியில் சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. எழுவாய் இடம் மாறியிருக்கிறது, அதிகாரத்தின் ஆதாரம் இடம் மாறியிருக்கிறது, காலம் மட்டும் இடம் மாறவில்லை. தாய்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, வேறு மொழி பேசும் ஊரில், வேறு இனத்து மன்னனின் ஆணையில் எழுதும்போதும் அந்தத் தமிழர் ஆண்டில்தான் தொடங்கினார். இலக்கணம் வற்புறுத்தியிருந்தால் எழுவாயும் அல்லவா தன் இடத்தில் இருந்திருக்கும்? இந்தக் கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி 1279-இல் முடிகிறது. தென்சீனத்தில் சோங் வம்சமும் அதே 1279-இல் கடற்போரில் அழிந்தது. இரண்டு ஆண்டு கழித்து எழுதிய இந்தக் கல்லில் சோழன் ஆண்டும் இல்லை, சீனத்து ஆட்சிக்காலப் பெயரும் இல்லை. எந்த மன்னனையும் சாராத சகாப்தம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடத்தை நிரப்பியது மாறினாலும் அந்த இடம் காலத்துக்கே உரியதாக இருந்தது.

இரண்டாவது எதிர்வாதம் கல்வெட்டு அறிந்தவர்களிடமிருந்து வரும். சோழர் கல்வெட்டு காலத்தில் தொடங்குகிறது என்பதே சரியல்ல, அது மெய்க்கீர்த்தியில் தொடங்குகிறது, அரசனின் வெற்றிகளையெல்லாம் பல வரிகளில் பாடிவிட்டுத்தான் ஆட்சியாண்டுக்கு வருகிறது, எனவே முதலிடம் புகழுக்கே என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் மெய்க்கீர்த்தி ஒரே பாட்டாக ஆட்சி முழுவதும் நின்றுவிடவில்லை. இராசராசனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் காந்தளூர்ச் சாலை மட்டும் இருக்கும். ஆண்டு ஏற ஏற வேங்கை, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் என்று பட்டியல் வளரும். முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் அவனுடைய கடைசி ஆண்டுகளில்தான் சேரும். ஆண்டு எண் சிதைந்துபோன ஒரு கல்லில் மெய்க்கீர்த்தி எந்த வெற்றிவரை வந்து நிற்கிறது என்று பார்த்தே அதன் காலத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மெய்க்கீர்த்தி புகழ்தான், ஆனால் அது ஆண்டெண்ணின் விரிந்த வடிவமாகவும் இருந்தது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்பதில் அரசனும் ஆண்டும் பிரிக்க முடியாதவை. சீனரிடமும் அப்படித்தான். தாச்சுங் சியாங்ஃபூ என்பது பேரரசர் தேர்ந்தெடுத்து அறிவித்த ஆட்சிக்காலப் பெயர். அது இல்லாமல் எட்டாம் ஆண்டு என்பதற்குப் பொருளே இல்லை. சீன ஆட்சிக்காலம் பொதுவாகப் புத்தாண்டோடு கணக்காகும், சோழனின் ஆட்சியாண்டோ அவன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணப்படும். இராசராசன் பட்டமேறியது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் கணித்தது, கல்வெட்டுகளில் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்பட்ட திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த லெய்டன் பெரிய செப்பேடு இதை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. அதில் சமஸ்கிருதப் பகுதி ஒன்றும் தமிழ்ப் பகுதி ஒன்றும் உண்டு. சமஸ்கிருதப் பகுதி காவிய நடையில் சோழர் குலத்தின் முன்னோரைப் பாடி, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து, பிறகுதான் இராசராசனின் இருபத்தொன்றாம் ஆண்டைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி நிர்வாக ஆவணம். அரசன், இருபத்தொன்றாம் ஆண்டு, தொண்ணூற்றிரண்டாம் நாள் என்று ஆண்டையும் நாளையும் இறங்குவரிசையில் வைத்த பிறகே ஆணைக்குள் நுழைகிறது. ஒரே செப்பேடு, ஒரே அரசன், ஒரே கொடை. ஆனால் புகழ்பாட எழுதியதில் காலம் தாமதமாக வருகிறது, நிலத்தைக் கைமாற்ற எழுதியதில் காலம் தலையில் நிற்கிறது. எழுதியதன் நோக்கம் மாறியபோது காலத்தின் இடமும் மாறியிருக்கிறது. மொழி காரணமா, ஆவண வழக்கு காரணமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது எதிர்வாதம் காலி நகரத்திலிருந்து வருகிறது, மூன்றிலும் வலுவானது இதுதான். 1911-இல் இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்லைச் சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் மூன்று வேண்டுதல்கள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவுந்தரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. இதில் சீனப் பகுதி காலத்தில் தொடங்கவில்லை. மிங் பேரரசர் தூதரை அனுப்பி அறிவிக்கிறார் என்று தொடங்கி, காணிக்கைப் பொருள்களையெல்லாம் அடுக்கிவிட்டு, இறுதியில்தான் யுங்லோ ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம் என்று வருகிறது. அது 1409. சீன ஆவணமே காலத்தைக் கடைசியில் வைத்திருக்கிறதே, உங்கள் வாதம் என்னாவது என்று கேட்கலாம். ஆவணத்தின் வரிசை வேறு, வாக்கியத்தின் வரிசை வேறு என்பதுதான் பதில். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் பெயர், மாதம், நாள் எல்லாம் வந்த பிறகு, பணிவோடு அளிக்கப்பட்டது என்ற வினை வருகிறது. ஆவணத்தின் வாலில் நின்றாலும் அந்த வாக்கியத்துக்குள் காலம்தான் தலை. இது தெய்வத்தை நோக்கிச் சொல்லும் அறிவிப்பு, ஆகவே சொல்பவரும் கேட்பவரும் முன்னே வந்தார்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலத்தை முன்னே நிறுத்துவது ஆவணம் முழுவதையும் கட்டிய விதி என்று சீனத்தைப் பற்றிச் சொன்னால் அது மிகைப்படுத்தல். சீனத்தில் அந்த விதி வாக்கியத்தின் அளவில் உறுதியானது. ஆவணத்தின் அளவில், எழுதும் நோக்கத்துக்கேற்ப நெகிழ்ந்தது. லெய்டன் செப்பேட்டில் நாம் கண்டதும் இதே நெகிழ்வுதான்.

வாக்கிய அளவில் அது எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு நாகப்பட்டினத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 1349-ஐ ஒட்டி எழுதிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, இந்தக் கடற்கரையில் செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்றையும் அதில் சீன எழுத்து இருந்ததையும் குறிப்பிடுகிறார். அந்த எழுத்து மிகச் சிறியது. சியான்சுன் ஆட்சிக்காலம் மூன்றாம் ஆண்டு, எட்டாம் மாதம், வேலை முடிந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது 1267. கட்டியவர் பெயர் இல்லை, எதற்காகக் கட்டினார்கள் என்பது இல்லை. இரண்டு செய்தி மட்டுமே சொல்ல இடமிருந்தால் எதை முன்னே வைப்பது என்ற கேள்விக்கு அந்தக் கொத்தனார்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கோபுரம் என்று ஆங்கிலேயர் அழைத்ததும், வால்டர் எலியட் விவரித்து எழுதியதும் இந்தக் கட்டடத்தையே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஏசு சபையினர் சென்னை அரசின் அனுமதி பெற்று 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். அறுநூறு ஆண்டு நின்ற ஒரு சான்றை இழந்தது இந்தக் கடற்கரைக்குப் பெரிய நட்டம். இன்று நமக்கு மிஞ்சியிருப்பது எலியட்டின் விவரணையும் வாங் தாயுவானின் வரிகளும்தான்.

இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதாக இருக்குமோ என்று யாராவது கேட்கக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. சீனரோடு தூது நடந்ததற்கு முன்பே, பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளிலேயே அரசனும் யாண்டும் முன்னே நிற்கின்றன. சீனத்தின் வழக்கோ அதைவிடப் பழையது. தனித்தனியே வளர்ந்த இரண்டு அரசுகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. அரசனின் ஆண்டைக் குறிக்கும் எந்த நாடும் இப்படித்தான் எழுதியாக வேண்டும் என்றும் சொல்ல முடியாது. 1215-இல் இங்கிலாந்தில் எழுதிய மாக்னா கார்ட்டாவும் அரசன் ஆண்டைத்தான் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, ரன்னிமீடு என்ற புல்வெளி, ஜூன் பதினைந்தாம் நாள், நம் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு என்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறி முடிகிறது. அங்கே காலம் முத்திரையைப் போல, முடிந்த ஆவணத்தின் மேல் இடப்படுகிறது. சோழ ஆவணத்திலும் சீன வாக்கியத்திலும் அது ஆவணம் நுழையும் வாசலாக இருக்கிறது. இன்னாரின் இத்தனையாவது ஆண்டுக்குள், இன்ன நாட்டுக்குள், இன்ன ஊருக்குள் என்று வட்டத்துக்குள் வட்டமாக நுழைந்த பிறகே ஒரு தனி மனிதனின் செயலுக்கு ஆவணத்தில் இடம் கிடைக்கிறது. நிலமும் உப்பளமும் தனியாருடையதாக இருந்தாலும், அவற்றின் மீதான உரிமை அரசின் கணக்குக்குள் இருப்பது என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது.

சோழர் போன பிறகும் இந்த நடை இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அரசன் கல்லில் வெட்டியதல்ல, பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி தனக்காக எழுதி வைத்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளின் பதிவும் ஆண்டு, மாதம், தேதி என்றே தொடங்குகிறது. ஐரோப்பிய நாளும் தமிழ் வருஷப் பெயரோடு கூடிய தமிழ் நாளும் இணையாக நிற்கின்றன. இரண்டு நாட்காட்டியையும் கையாள வேண்டி வந்தபோது ஐரோப்பியத் தேதியையும் அவர் நம் இறங்குவரிசையில்தான் உட்காரவைத்தார். அந்தக் காலத்துக் கையெழுத்தில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகள் எண்ணுக்கோ பெயருக்கோ பின்னால் ஒட்டிவரும். சீனரும் இன்றுவரை எண்ணை எழுதி அதன் பின்னே ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்துகளை அதே வரிசையில் வைக்கிறார்கள். பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் எழுத்து மட்டும்தான் வேறு.

1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கம்பெனியின் ஏகபோகமானது. அளங்கள் கம்பெனியின் கணக்கேட்டுக்குள் வந்தன. பின்னாளில் சென்னையிலிருந்து தெற்கே வெட்டிவந்த பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் வந்து முடிந்தது. ஆங்கில நிர்வாகத்தோடு ஆங்கிலத் தேதியும் வந்தது. நாள், மாதம், ஆண்டு என்று சிறியதிலிருந்து ஏறும் அந்த வரிசை ரசீதிலும் படிவத்திலும் முத்திரையிலும் பரவி, இன்று நாம் யாரும் யோசிக்காமல் எழுதும் வரிசையாகிவிட்டது. ஆனால் சொத்துப் பத்திரம் அதற்கு முழுதாக இடம்கொடுக்கவில்லை. இன்று மரக்காணம் வட்டத்தில் ஒரு துண்டு நிலத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதினால் அது இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதி என்று தொடங்கும். பிறகு விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டம், இன்ன கிராமம், இன்னாருடைய குமாரர் இன்னார் என்று இறங்கும். பத்திர எழுத்தருக்குக் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதுகிறார். அந்த முந்தைய பத்திரம் அதற்கும் முந்தையதைப் பார்த்து எழுதியது. அதே தாளின் மேல் சார்பதிவாளர் அலுவலகம் இடும் முத்திரையில் நாள் முதலில் இருக்கும், பத்திரத்தின் வாசகத்தில் வருடம் முதலில் இருக்கும். இரண்டு ஆவண மரபுகளும் ஒரே தாளில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன.

நீளத்தைக் குறிக்கும் காலமும் பத்திரத்தில் தன் பழைய இடத்தை விடவில்லை. கிரயப் பத்திரமானால், எல்லை நான்கும் விஸ்தீரணமும் தொகையும் சொல்லி முடித்த பிறகு, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று வினையை ஒட்டி வரும். சந்திராதித்தவரை நின்ற இடம் அதுதான். அளத்தைக் குத்தகைக்கு விடும் பத்திரமானால் பேரன் பேத்திக்கு அங்கே வேலையில்லை. ஒப்பந்தம் போட்ட நாள் தலைப்பில் ஒருமுறை வந்துவிடும். எத்தனை வருட காலத்துக்கு அனுபவித்து வர வேண்டியது என்ற எண் வினையின் பக்கத்தில் வரும். மழைக்காலத்தில் விளைவில்லாமல் கிடக்கும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண் போடப்படுகிறது என்பது, கையெழுத்துப் போடும் இருவருக்கும் தெரியும்.